குழாயை மாற்றலாம், கழிவறையை நகர்த்தலாமா?

வீட்டுக் கடன் பெற்று, சில ஆண்டுகள் தவணை செலுத்திய வாடிக்கையாளர்கள் எங்கள் கிளைகளில் எழுப்பும் ஐயங்களுள் ஒன்று பெரும்பாலும் இவ்வாறு அமைகிறது: "குளியலறையை மட்டும் சற்று மாற்றுகிறோம், வெளிச்சுவரைத் தொடவே இல்லை. இதற்கும் மாநகராட்சி அனுமதி வேண்டுமா?" கேள்வி சிறியது. ஆனால் அதன் விடை "வேண்டும்" என்றோ "வேண்டாம்" என்றோ ஒரு சொல்லில் அடங்குவதில்லை.

இக்குழப்பத்துக்கு நாம் வழங்கும் சொல்லும் ஒரு காரணம். பழுதான குழாயைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவதும் மராமத்து என்கிறோம். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள சுவரை இடித்துக் கூடமாக்குவதும் மராமத்து என்கிறோம். சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்லை. இருந்ததை இருந்த இடத்திலேயே சீர்செய்வது ஒன்று; இல்லாததை உண்டாக்குவதும், இருந்ததை இடம் பெயர்ப்பதும் வேறொன்று. இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதையும், அது ஏன் அங்கே ஓடுகிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

நம் நாட்டில் உள்ளாட்சி என்பது அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்த பொருள். ஆகவே கட்டட விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. சில மாநிலங்களில் நகரத்துக்கு நகரமும் வேறுபடுகின்றன. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட மாதிரிக் கட்டட உபவிதிகளும், அதே ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் வழிகாட்டிகளே. ஒரு மாநிலமோ உள்ளாட்சி அமைப்போ ஏற்றுக்கொண்ட அளவில்தான் அவை கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. தில்லிக்கு 2016-இன் ஒருங்கிணைந்த கட்டட உபவிதிகள். மும்பைக்கு இவற்றினும் பழமையான ஒரு சட்டம். பாடம் கற்க அந்தப் பழைய சட்டமே தெளிவானது என்பதால் அங்கிருந்து தொடங்குவோம்.

மும்பைச் சட்டம் வரைந்த கோடு

மும்பை மாநகராட்சிச் சட்டம் 1888-ஆம் ஆண்டினது. அதன் 342-ஆம் பிரிவின்படி, கட்டடத்தில் கூடுதல் பகுதி சேர்ப்பவரும் மாற்றமோ பழுதுபார்ப்போ செய்பவரும் ஆணையருக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். எல்லாப் பழுதுபார்ப்புக்கும் இவ்விதியைப் பொருத்தினால் ஒரு குழாய்த் திருகைக்கூட மாற்ற இயலாது. எனவே குடியிருப்போர் அன்றாடம் செய்துகொள்ளும் பழுதுபார்ப்புகள் எவையெவை என்று விளக்கி, அவற்றுக்கு முன்னறிவிப்புத் தேவையில்லை என்று அப்பிரிவே விலக்களிக்கிறது. பூச்சு வேலை, வண்ணம் பூசுதல், தரை ஓடு மாற்றுதல், கழிவறை, குளியலறை, துவைக்குமிடம் ஆகியவற்றைப் பழுதுபார்த்தல், கழிவுநீர்க் குழாய்களையும் ஆள்நுழைகுழிகளையும் பழுதுபார்த்தல் அல்லது மாற்றுதல், குடிநீர்க் குழாய், மின் இணைப்பு ஆகியவற்றின் பொருத்துகளைப் புதுப்பித்தல், கூரையை அதே பொருளால் மாற்றுதல் ஆகியவை இதில் அடங்கும்.

இதுவரை படிப்பவருக்கு நிம்மதியாகவே இருக்கும். அடுத்து வரும் வரிகளில்தான் கோடு வரையப்படுகிறது. கட்டடத்தின் நீள அகல உயரங்களில் எவ்வகை மாற்றமும் விலக்கில் சேராது. தாங்கும் உறுப்புகளையோ தாங்குசுவர்களையோ அகற்றுவதும் மாற்றுவதும் சேரா. அடிபீடத்தையோ அடித்தளத்தையோ தரையையோ தாழ்த்துவது, பரணோ இடைத்தளமோ சேர்ப்பது அல்லது விரிப்பது, சாய்கூரையைத் தட்டையாக்குவது, கூரையை வேறு பொருளால் வேய்வது ஆகியவையும் சேரா.

விலக்குப் பட்டியலில் உள்ள வினைகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். "பழுதுபார்த்தல்" உண்டு, "மாற்றிப் பொருத்துதல்" உண்டு. "இடம் பெயர்த்தல்" இல்லை. ஆகவே பழைய இரும்புக் கழிவுக்குழாயை எடுத்துவிட்டு அதே தடத்தில் பி.வி.சி. குழாய் இடுபவருக்குத் தடையேதும் இல்லை. அதே கழிவறையைப் படுக்கையறையின் மறுமூலைக்குக் கொண்டுசெல்பவர் விலக்கின் நிழலில் ஒதுங்க முடியாது. அதற்காகத் தரையைத் தாழ்த்த நேர்ந்தாலோ, அவர் பட்டியலின் மறுபக்கத்துக்கே போய்விடுகிறார்.

இங்கு ஒரு பொறியும் உண்டு. மகாராஷ்டிரப் பகுதி மற்றும் நகரத் திட்டமிடல் சட்டம், 1966-இன் 43-ஆம் பிரிவு, கட்டடத்தின் உட்புறத்தை மட்டும் தொடும் பணிகளுக்குத் திட்ட அனுமதி வேண்டாம் என்கிறது. ஒப்பந்தக்காரர்கள் இதையே எடுத்துக்காட்டி, "உள்வேலைக்கு அனுமதி எதற்கு?" என்பார்கள். அவர்கள் சொல்வது பாதி உண்மை. திட்ட அனுமதி என்பது நிலத்தின் பயன்பாட்டையும் வளர்ச்சியையும் பற்றியது. 342-ஆம் பிரிவின் முன்னறிவிப்பு கட்டடத்தின் உறுதியையும் சுகாதாரத்தையும் பற்றியது. ஒரு சட்டம் விலக்களித்தால் மற்றொன்றும் விலக்களித்ததாகாது. திட்ட அனுமதி தேவைப்படும் பணியை அதுவின்றிச் செய்தால், அந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடம் தருகிறது என்பதையும் சேர்த்தே அறிதல் நலம்.

தில்லியில் கோடு சற்றே தாராளமாக வரையப்பட்டுள்ளது. பூச்சு, தரைவேலை, வெள்ளையடித்தல், அதே உயரத்தில் மறுகூரை, பிறர் இடத்தை நோக்காத கதவு சன்னல்களைத் திறத்தலும் மூடலும், சொந்த நிலத்துக்குள் 75 சென்டிமீட்டருக்கு மிகாத சன்ஷேடு ஆகியவற்றோடு உட்பிரிவுச் சுவர் எழுப்புவதற்கும் அங்கு அனுமதி வேண்டியதில்லை. ஆனால் உட்பிரிவுச் சுவருக்கு ஒரு நிபந்தனை உண்டு: அச்சுவரால் உருவாகும் அறைகள் உபவிதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். இந்த நிபந்தனையைப் பலர் படிப்பதில்லை.

12 அடிக்கு 16 அடி கொண்ட ஓர் அறையை நடுவே தடுத்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கோர் அறை ஆக்குவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் 12 அடிக்கு 8 அடி. பரப்பு 96 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 8.9 சதுர மீட்டர். வீட்டில் 9.5 சதுர மீட்டருக்குக் குறையாத அறை ஒன்று இருந்தால் மற்றவை 7.5 சதுர மீட்டர் இருந்தாலும் போதும் என்பதே தேசிய விதித்தொகுப்பின் பொது அளவு. ஆகவே பரப்பில் இடறல் இல்லை. இடறல் காற்றில் வருகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் வாழும் அறையின் திறப்புகள் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது அதே தொகுப்பின் கணக்கு. இங்கு அது 16 சதுர அடி ஆகிறது. பழைய அறையின் சன்னல்கள் யாவும் ஒரே பக்கத்தில் இருந்தால், தடுப்புக்கு அப்பால் அமையும் அறைக்கு ஒரு சாண் வெளிச்சமும் கிடைக்காது. அனுமதி வேண்டாத சுவர்தான். எனினும் அது விதிக்குப் புறம்பான ஓர் அறையை உண்டாக்கிவிடும்.

கழிவறை நகரும்போது தளத்துக்கு என்ன நேர்கிறது

வீட்டுக்குள் நிகழும் மாற்றங்களுள் எளிதாகத் தோன்றிப் பெருந்தீங்கு விளைவிப்பது கழிவறையை நகர்த்துதலே என்பது எங்கள் கருத்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

கழிவுநீர் அழுத்தத்தால் ஓடுவதன்று, சரிவால் ஓடுவது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கழிவுக்குழாய்க்கு 57-க்கு 1 என்ற சரிவு வேண்டும் என்பது நம் பொறியியல் வழக்கு. கழிவறைப் பீடத்தை நிலைக்குழாயிலிருந்து 3 மீட்டர் தள்ளி வைத்தால், சரிவுக்கு மட்டும் 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். குழாயின் தடிமனையும் அதன்மேல் வரும் காரையையும் ஓட்டையும் கூட்டினால், தரை ஓட்டுக்குக் கீழே முக்கால் அடி போலத் தேவைப்படும். கட்டும்போதே கழிவறைக்கென அமைத்த இடத்தில் கான்கிரீட் தளம் தாழ்வாக வார்க்கப்பட்டிருக்கும். கட்டுமானத்தார் அதைச் சங்கன் ஸ்லாப் என்பர். அந்தத் தாழ்வுக்குள் குழாய்களும் நஹானி டிராப்பும் மறைந்துவிடும். படுக்கையறைத் தளத்தில் அத்தகைய தாழ்வு கிடையாது.

அப்போது ஒப்பந்தக்காரருக்கு இரண்டே வழிகள். ஒன்று, தளத்தைக் கொத்தி ஆழம் எடுப்பது. வீட்டுத் தளத்தின் தடிமன் பொதுவாக ஐந்து அங்குலத்தை ஒட்டியது. அதில் இரண்டு அங்குலம் கொத்தினால் தளத்தின் மேற்கம்பிகள் வெளியே தெரியும். சட்டம் தரையைத் தாழ்த்துவதைத் தனியே பெயரிட்டு விலக்கியதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. மற்றொன்று, அறையின் தரையை உயர்த்திச் செங்கல் ஜல்லி கொண்டு நிரப்புவது. பெரும்பாலோர் இதையே பாதுகாப்பானது என்று எண்ணித் தேர்கின்றனர். ஆனால் அதன் எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

6 அடிக்கு 8 அடி கழிவறை ஏறத்தாழ 4.5 சதுர மீட்டர். 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் ஒரு கன மீட்டருக்கும் சற்று மேல். செங்கல் ஜல்லிக் காரை கன மீட்டருக்கு சுமார் 1,600 கிலோ எனக் கொண்டால், மொத்தம் 1,700 கிலோவைத் தாண்டும். சதுர மீட்டருக்கு 400 கிலோ. குடியிருப்பு அறைத் தளத்தில் மனிதரும் அறைகலனும் சேர்ந்து ஏற்றும் சுமைக்காக வடிவமைப்பாளர் எடுத்துக்கொள்ளும் அளவு, இந்தியத் தர நிர்ணயப்படி, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ மட்டுமே. அதாவது ஒருவர்கூட அறைக்குள் நுழைவதற்கு முன்பே, அந்தத் தளத்தின்மேல் அதற்கென எண்ணிய சுமையைப்போல் இருமடங்கு நிலையாக ஏறி அமர்ந்துவிடுகிறது. எடை குறைந்த நிரப்பு வகைகள் இன்று கிடைக்கின்றன; அவற்றைப் பயன்படுத்தலாமா, எவ்வளவு என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரே சொல்ல வேண்டும். கொத்தனாரின் அனுபவம் மதிக்கத்தக்கதே. ஆனால் இந்தக் கணக்கு அவர் கையில் இல்லை.

எடைக்கு அடுத்தது ஈரம். கழிவறை புதிதாக வந்த இடத்துக்குக் கீழே அண்டை வீட்டாரின் சமையலறையோ பூசையறையோ இருக்கலாம். மனத்தாங்கல் அங்கே தொடங்கும். அதைவிடப் பெரிது, நீர்க்காப்பு இல்லாத தளத்தினூடே கசியும் நீர் கம்பிகளைத் துருவேற்றுவது. துரு தான் உண்டான இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்வது. உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளந்து கீழ்வீட்டுக் கூரைப் பூச்சைப் பெயர்த்து விழச் செய்யும். வீட்டு வசதிச் சங்கங்களின் நடைமுறையில், பொதுக் குழாயின் கசிவைச் சங்கம் சரிசெய்யும். ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து எழும் கசிவுக்கு அவரே பொறுப்பு. நகர்த்தப்பட்ட கழிவறையின் கசிவு எந்த வகை என்பதில் ஐயத்துக்கே இடமில்லை.

சுவர்களில் குழாய் பதிக்கக் காடி எடுப்பதிலும் கவனம் வேண்டும். செங்கல் தாங்குசுவரில் நிமிர்ந்த காடியின் ஆழம் சுவரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. கிடைக்காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டலாகாது, நீளமும் ஒரு மீட்டருக்கு மிகலாகாது என்பது இந்தியத் தர நெறி. ஒன்பது அங்குலச் சுவரில் முறையே மூன்று அங்குலமும் ஒன்றரை அங்குலமும் ஆகும். வெந்நீர்க் குழாயைக் குளியலறைச் சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கிடையாக வெட்டிக் கொண்டுபோவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஒன்பது அங்குலச் சுவர் தாங்கும், நாலரை அங்குலச் சுவர் தாங்காது என்ற வாய்ப்பாடும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. அண்மைக்கால உயர்மாடிகள் பலவற்றில் மைவான் என்று வழங்கும் அலுமினிய அச்சு முறையில் சுவரும் தளமும் ஒன்றாகக் கான்கிரீட்டில் வார்க்கப்படுகின்றன. அங்கே மெலிந்து தோன்றும் உட்சுவரும் கட்டடத்தைத் தாங்கும் உறுப்பே. அதில் சன்னல் அளவுக்குத் திறப்பு வெட்டுவது தூணை அறுப்பதற்கு ஒப்பு.

தாங்கும் உறுப்புகளைத் தொடுவதன் விளைவை மும்பை கண்ணெதிரே கண்டது. 2017 ஜூலை 25 அன்று காட்கோபரில் நான்கு மாடிக் குடியிருப்பொன்று இடிந்து 17 பேர் உயிரிழந்தனர். தரைத் தளத்தில் முன்பு மருத்துவமனையாக இயங்கிய பகுதியில் மாற்றப் பணிகள் நடந்துவந்தன. அங்கே தாங்கும் உறுப்புகள் அகற்றப்பட்டன என்பது வழக்கின் குற்றச்சாட்டு. மாண்டவர்கள் பணியை மேற்கொண்டவர்கள் அல்லர். மேலே தத்தம் வீட்டில் இருந்தவர்கள். முப்பது ஆண்டு கடந்த கட்டடங்களைப் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு ஆராய்ந்து உறுதிச் சான்று பெற வேண்டும் என்று மும்பைச் சட்டம் வலியுறுத்துகிறது. அத்தகைய பழைய கட்டடத்தில் வீடு வைத்திருப்போர், சீரமைப்புக்கு முன் அச்சான்றைச் சங்க அலுவலகத்தில் கேட்டுப் படிக்கலாம். அதைக் கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு; கேட்பவர்தாம் அரிது.

சங்கம் ஒருபுறம், வங்கி மறுபுறம்

மாநகராட்சி ஒப்புதல் அளித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவோர் உண்டு. சங்கச் செயலாளர் தலையசைத்துவிட்டால் மாநகராட்சி தேவையில்லை என்று எண்ணுவோர் அதனினும் மிகுதி. அடுக்ககத்தில் தூண், உத்தரம், தளம், நிலைக்குழாய், காற்றுக்குழி ஆகியவை ஒருவருக்குத் தனியே உரியவை அல்ல. எனவே சங்கத்தின் முன் ஒப்புதல் இன்றிக் கூடுதல் பணியோ மாற்றமோ செய்யலாகாது என்பது மகாராஷ்டிரச் சங்கங்களின் மாதிரி உபவிதியிலேயே உள்ளது. சங்கம் சொத்தின் கூட்டுரிமையாளர் என்ற முறையில் பேசுகிறது. மாநகராட்சி சட்டத்தின் சார்பில் பேசுகிறது. ஒருவரது இசைவு மற்றவரது இசைவாகாது.

புதிய வீடாயின் கட்டுநரையும் எண்ண வேண்டும். ரேரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு நிலைச்சொத்துச் சட்டம், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தோன்றும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநர் கட்டணமின்றி 30 நாளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. இரண்டாம் ஆண்டிலேயே சுவரைப் பெயர்த்தவர், நான்காம் ஆண்டில் விரிசலைக் காட்டி உரிமை கோரும்போது கட்டுநர் முதலில் சுட்டிக்காட்டப்போவது அந்தச் சுவரைத்தான்.

இனி, கடன் நிலுவையில் உள்ளவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியது. அடமானத்தில் உள்ள வீட்டில் குடியிருப்பவர் அதைப் போற்றிப் பாதுகாக்கத் தவறினார் என்பதற்காகச் சட்டம் அவரைக் குறை கூறுவதில்லை. ஆனால் சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 66-ஆம் பிரிவு, ஈடு போதாமல் இருந்தாலோ செயலின் விளைவாகப் போதாமல் ஆகும் என்றாலோ, சொத்துக்கு அழிவோ நிலையான கேடோ விளைவிக்கும் செயலை அவர் செய்யலாகாது என்கிறது. போதுமான ஈடு எது என்பதற்கும் அங்கேயே அளவு உண்டு: சொத்து கட்டடமாயின், அதன் மதிப்பு நிலுவைத் தொகையைவிட அதில் பாதி அளவு மிகுந்திருக்க வேண்டும். 40 லட்சம் ரூபாய் நிலுவைக்கு 60 லட்சத்துக்கு மேற்பட்ட மதிப்பு.

இந்த அளவை இன்றைய கடன்களோடு ஒப்பிடுவோம். 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரை கடன் தர ரிசர்வ் வங்கி இடமளிக்கிறது. 30 லட்சம் கடனுக்கு வீட்டின் மதிப்பு 33 லட்சத்தைச் சற்றே தாண்டியிருக்கும். சட்டம் கேட்பதோ 45 லட்சம். எனவே கடனின் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான வீடுகள் இப்பிரிவின் நோக்கில் போதாத ஈடாகவே இருக்கின்றன. அந்த ஆண்டுகளில்தான் வீட்டை விருப்பம்போல் மாற்றும் ஆர்வமும் மிகுந்திருக்கிறது! கட்டமைப்பு மாற்றத்துக்கு வங்கியின் எழுத்து இசைவு வேண்டும் என்ற நிபந்தனை கடன் ஒப்பந்தங்களில் இடம்பெறுவது இதனாலேயே. அதே சட்டத்தின் 70-ஆம் பிரிவின்படி, அடமானச் சொத்தில் பின்னர்ச் சேரும் பகுதியும், வேறு உடன்பாடு இல்லாதபோது, ஈட்டின் பகுதியாகிவிடும். சொந்தப் பணத்தில் கட்டிய மாடியறை ஈட்டுக்குப் புறம்பானது என்று கருதுவது பொருந்தாது.

அனுமதியைப் பற்றி வங்கிகள் கண்டிப்புக் காட்டுவது தம் விருப்பத்தால் மட்டுமன்று. தில்லி உயர் நீதிமன்றத்தின் ஆணையை அடுத்து ரிசர்வ் வங்கி 2006 நவம்பரில் அளித்த நெறிமுறையின்படி, சொந்த மனையில் வீடு கட்டக் கடன் கேட்பவர் ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும், அதை மீற மாட்டேன் என்ற உறுதிமொழியையும் தர வேண்டும். மீரட் நகரின் சாஸ்திரி நகரில் குடியிருப்பு மனையில் எழுந்த கடைகள் பற்றிய வழக்கில் 2024 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கட்டடத்தை ஈடாக ஏற்கும் வங்கி பணி நிறைவுச் சான்றையோ குடியேற்றச் சான்றையோ சரிபார்த்த பின்னரே கடன் தர வேண்டும் என்றது.

இதன் தாக்கம் வீட்டை விற்கும் நாளில் தெரியவரும். வாங்குபவர் கடன் கேட்கிறார். அவருடைய வங்கி மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. அவர் ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கையில் விரித்துக்கொண்டு அறை அறையாக நடக்கிறார். வரைபடத்தில் திறந்த பால்கனி, நேரில் படுக்கையறை. வரைபடத்தில் காற்றுக்குழி, நேரில் துணி துவைக்கும் எந்திரம். மதிப்பீட்டாளர் அந்தப் பகுதிகளுக்கு மதிப்புத் தர மாட்டார். விலகல் என்று அறிக்கையில் எழுதுவார். விற்பவர் பல லட்சம் செலவிட்ட பகுதியே விற்பனைக்குத் தடையாக நிற்கும். குறைந்த வட்டிக்காகக் கடனை வேறு வங்கிக்கு மாற்ற முனைவோரும் இதே இடத்தில் இடறுவர்.

பணியைத் தொடங்குமுன்

முதலில் வேண்டியது, ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் படி. மூலப் பத்திரங்கள் எங்களிடம் அடமானத்தில் இருந்தால், கிளையில் எழுத்தில் விண்ணப்பித்து நகல் பெறலாம். அந்த நகலில், செய்யவிருக்கும் மாற்றத்தைச் சிவப்பு மையால் குறித்துக் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். கட்டமைப்பைத் தொடாத வேலை என்று அவர் கருதினால், அதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். தொடும் என்றால், உரிமம் பெற்ற கட்டடக் கலைஞர் வழியே மாநகராட்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். சங்கத்தின் இசைவுக் கடிதம் அந்த விண்ணப்பத்தோடு பெரும்பாலும் கேட்கப்படும். வங்கிக்கு உரிய கடிதத்தையும் அதே வேளையில் தந்துவிடுவது காலத்தை மிச்சப்படுத்தும். வீட்டுக்குக் காப்பீடு இருப்பின் அந்நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதுக.

குழாய் வேலை வீட்டுக்குள் முடியாமல் தெருவின் குடிநீர்க் குழாயையோ புதைசாக்கடையையோ தொடுமாயின், அது வீட்டு மராமத்து அன்று. புதிய இணைப்பு, இணைப்பின் அளவைப் பெருக்குதல், இடம் மாற்றுதல் ஆகியவற்றுக்கு அந்தந்த நகரின் குடிநீர் வாரியம் அல்லது உள்ளாட்சியின் தனி ஒப்புதல் வேண்டும். பணியும் உரிமம் பெற்ற பிளம்பர் வழியே நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் தனிவீடு உள்ளவர்கள் மொட்டை மாடிக் குழாய்களை மாற்றும்போது, அவை மழைநீர் சேகரிப்புக் குழியில் சென்று முடிகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். 2003 முதல் அங்கு அது கட்டாயம். மாடியில் ஓர் அறை எழுப்பும்போது அந்தக் குழாய்தான் முதலில் துண்டிக்கப்படுகிறது.

செலவுக்குக் கடன் வேண்டுவோர்க்கு வீட்டுச் சீரமைப்புக் கடன் உண்டு. ஓடு, வண்ணம், குழாய்ப் பொருத்து போன்றவற்றுக்குப் பொறியாளரின் மதிப்பீடே பெரும்பாலும் போதும். கட்டமைப்பு மாற்றமாயின் ஒப்புதல் பெற்ற வரைபடம் இன்றி விண்ணப்பம் நகராது. வருமான வரியின் பழைய முறையில் இருப்போர், தாம் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கப் பெற்ற கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மட்டுமே கழிவு பெறலாம். வீடு வாங்கவோ கட்டவோ பெற்ற கடனுக்குரிய 2 லட்சம் ரூபாய் வரம்புக்குள் இதுவும் அடங்கும்.

பணி நடக்கும்போது, தரை ஓடு பதிக்குமுன் கழிவறைத் தளத்தில் நீர் தேக்கிக் குறைந்தது ஒரு நாளேனும் விட்டு, கீழ்வீட்டாரை அழைத்து அவர் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய்கள் மூடப்படுமுன் ஒவ்வொரு சுவரையும் அளவுகோலோடு படமெடுத்து வையுங்கள். அந்தப் படங்களும், பொறியாளரின் கையொப்பத் தாளும், மாநகராட்சியின் கடிதமும், சங்கத்தின் இசைவும் வீட்டுப் பத்திர நகலோடு ஒரே கோப்பில் இருக்கட்டும். அவற்றின் நகல் ஒன்றைக் கிளையில் உள்ள உங்கள் கடன் கோப்பிலும் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம்.